ஐம்பதுக்கு ஒன்று என்று சொல்லி வந்த கப்பல்: பொறையாரில் ஒரு மலிவு விலை கிட், ஒரு நிகழ்வு ஆய்வு

பெட்டி வந்து எட்டு நாள் கழித்துத்தான் மாமா எனக்குப் போன் செய்தார். "மாப்ளே, ஞாயித்துக்கிழமை வேலை இல்லேன்னா ஒரு எட்டு வந்துட்டுப் போ. கப்பல் கிட் ஒண்ணு வாங்கினேன். என்னமோ சரியாப் படல" என்றார். கிட் என்பது வெட்டி வரும் துண்டுகளை ஒட்டி நாமே மாதிரிக் கப்பல் கட்டும் பெட்டி. குரலில் தயக்கம் இருந்தது. அந்த எட்டு நாளும் அத்தையிடம்கூடச் சொல்லாமல் பெட்டியை பீரோ மேலே ஏற்றி வைத்திருக்கிறார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

பணம் போனதைவிட அந்த எட்டு நாள்தான் என்னை உறுத்துகிறது. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் ஆசைப்பட்டு ஒரு பொருளை வாங்கிவிட்டு, ஏமாந்துவிட்டோமோ என்ற வெட்கத்தில் தன் வீட்டுக்குள்ளேயே அதை ஒளித்து வைக்கிறார். வெட்கப்பட அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதே மாதிரிப் பெட்டி டெல்டாவில் இன்னும் எத்தனையோ பீரோக்களின் மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் நடந்ததை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். மயிலாடுதுறையில் கட்டட வரைபடம் போடுவது என் தொழில். ஸ்கேல் பார்ப்பது தினசரி வேலை. இந்த விஷயத்தில் கடைசியில் கைகொடுத்ததும் ஸ்கேல்தான்.

மாமாவும் விக்டரியும்

மாமா சரக்குக் கப்பல்களில் 22 வருஷம் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் ஒருமுறை அவர் கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நின்றபோது, கிடைத்த ஒரு நாள் லீவில் ரயில் ஏறி போர்ட்ஸ்மத் போய் விக்டரி கப்பலைப் பார்த்திருக்கிறார். 1765இல் வெள்ளோட்டம் விட்ட போர்க்கப்பல் அது. 104 பீரங்கி. 1805இல் டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் இருந்த கப்பல். 1922 முதல் உலர்துறையில், அதாவது தண்ணீரை வடித்த துறையில், நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே வாங்கிய தபால் அட்டை இன்றும் பொறையார் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

ஓய்வு பெற்று வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டையைத் தீக்குச்சியிலேயே செய்தார். நாலு மாதம் ஆனது. அடுத்தது விக்டரிதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐரோப்பியக் கம்பெனிகளின் பெரிய விக்டரி கிட் விலையைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் மூடி வைத்துவிடுவார். பல பத்தாயிரம் ரூபாய், அப்புறம் அனுப்பும் செலவு, அதற்கு மேல் சுங்கம்.

ஆடிப்பெருக்கு அன்று மத்தியானம் போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. மரத்தில் செய்த விக்டரி கிட், ஸ்கேல் 1:50 (நிஜக் கப்பலில் ஐம்பதில் ஒரு பங்கு), நீளம் 52 செ.மீ., 104 பித்தளைப் பீரங்கி, வால்நட் பலகை. 18,400 ரூபாய் என்று போட்டு அடித்து, 3,299 என்று எழுதியிருந்தது. அனுப்பும் செலவு கிடையாது. தாத்தா காலத்திலிருந்து நடத்திய பட்டறையை மூடுகிறோம், கடைசி 7 பெட்டிதான் பாக்கி என்று ஒரு கதை. பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரம்.

முதல் தடவை பணம் போகவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 மார்ச்சுக்குப் பிறகு தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்த நிலையில்தான் வரும்; வேண்டும் என்றால் நாம்தான் திறக்க வேண்டும். பேரன் வங்கி ஆப்பில் திறந்து கொடுத்தான். இரண்டாவது தடவை ஓடிபி எதுவும் கேட்காமலே பணம் போய்விட்டது. வெளிநாட்டுத் தளங்கள் பல அப்படித்தான் எடுக்கும். கார்டு எண்ணும் முடியும் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். அந்த முதல் தடவை பணம் போகாமல் நின்றதே, அது உண்மையில் யோசிக்கக் கிடைத்த ஒரு நிமிஷம். ஆனால் பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் யோசிக்கத் தோன்றாது. கடிகாரத்தை அங்கே வைத்ததே அதற்குத்தான்.

பெட்டி 48 நாள் கழித்து, புரட்டாசி முதல் வாரத்தில் வந்தது.

கண்ணாடி மேஜையில்

நான் போனபோது மாமா கூடத்து மேஜையைத் துடைத்து, அதன் கண்ணாடி மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் வெர்னியர் காலிபரை நான் கொண்டுபோயிருந்தேன்.

பெட்டியின் அளவு 34 × 13 × 5 செ.மீ. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம், 610 கிராம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'மரப் பொம்மை, அன்பளிப்பு, 6 டாலர்' என்று போட்டிருந்தது.

முதலில் அடிக்கட்டைப் பலகை. கப்பலுக்கு முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் நிற்பது. நம் கடற்கரை ஓடாவிகள், படகு கட்டும் தச்சர்கள், ஏரா என்பார்கள். கிட்டில் அது பிளைவுட்டில் வெட்டப்பட்டிருக்கும். வங்குகளை, அதாவது விலாச்சட்டங்களை, அதில் வெட்டிய பள்ளங்களில் செருகிக்கொண்டே போக வேண்டும். கப்பல் நேராக வருவதும் கோணுவதும் இந்த ஒரு பலகையில்தான் இருக்கிறது. அதைக் கண்ணாடி மேல் படுக்க வைத்தேன். இரண்டு முனையும் தொட்டன, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. விசிட்டிங் கார்டுகளை ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் செருகி, பிறகு அடுக்கை எடுத்து அளந்தால் 4 மி.மீ. 30 செ.மீ. பலகையில் 4 மி.மீ. வளைவு என்றால் கப்பல் முடியும்போது வாழைக்காய் மாதிரிதான் இருக்கும்.

பிளைவுட் 2 மி.மீ. என்று படத்தாளில் இருந்தது. காலிபர் 1.8 காட்டியது. அந்த 1.8 நுழைய வேண்டிய பள்ளம் 2.4 அகலம். வங்கைச் செருகினால் பல் விழுந்த வாயில் நாக்கு ஆடுவது போல ஆடுகிறது. இந்த 0.6 மி.மீ. எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தப் பெட்டியின் பிறப்புச் சான்றிதழே அதுதான்.

வால்நட் என்று சொன்ன பலகைகள் 30 இருந்தன. 0.6 மி.மீ. கனம். மாமா ஈரத்துணியை எடுத்து ஒன்றைத் துடைத்தார். துணி காபித்தூள் நிறத்துக்கு மாறியது, பலகை வெளுத்தது. சாயம். "இது தண்ணில நனைச்சு வளைக்க வேண்டிய பலகை மாப்ளே, நனைச்சா நிறமே போகுது" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கை ரேகையில் ஏறியிருந்த சாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பீரங்கிகளை எண்ணினோம். 104 என்று சொன்ன இடத்தில் 32. பித்தளை இல்லை, தங்க வண்ணம் அடித்த பிளாஸ்டிக். நகத்தால் சுரண்டினால் உரிகிறது. கயிறு என்று ஒரே தடிமனில் ஒரு நூல்கண்டு. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கனத்த கயிறும் பாயைச் சுருட்டும் மெல்லிய கயிறும் ஒரே தடிமனாக எந்தக் கப்பலிலும் இருக்காது.

படத்தாள் ஒரு ஜெராக்ஸ். ஓரத்தில் கம்பெனிப் பெயரும் பட எண்ணும் இருக்க வேண்டிய கட்டம் வெள்ளையாக அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் மேல் மூலையில் 'தாவ். 3' என்ற எழுத்துகளை அழிக்க மறந்திருக்கிறார்கள். தாவோலா என்றால் இத்தாலியத்தில் படத்தாள். ஒன்றும் இரண்டும் எங்கே? பெட்டியில் இல்லை. யாரோ ஓர் இத்தாலியத் தயாரிப்பாளரின் வரைபடத்தைச் சுருக்கி நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கணக்கு தானாகவே சொல்லிவிடும்

இதையெல்லாம் பெட்டி வந்த பிறகு பார்த்தோம். வாங்குவதற்கு முன்னால், அந்த விளம்பரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். அதுதான் இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. விலையைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் அது வெறும் சந்தேகம்தான், அதை ஆசை வந்து அமுக்கிவிடும். விளம்பரத்தில் இருக்கும் அளவுகளை ஒன்றோடொன்று மோதவிட்டால் அது கணக்கு. கணக்கை ஆசையால் அமுக்க முடியாது.

விக்டரியின் உடல், முன்முனைச் சிலையிலிருந்து பின்பக்க விளிம்பு வரை, ஏறத்தாழ 69 மீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழியையும் சேர்த்தால் சுமார் 100 மீட்டர். கிட்களில் நீளம் என்று போடுவது பெரும்பாலும் இந்த மொத்த நீளம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 100 மீட்டரை 50ஆல் வகுத்தால் 2 மீட்டர். 1:50 விக்டரி உங்கள் கட்டில் நீளத்துக்கு வரும். கூடத்தில் வைக்க இடம் தேட வேண்டும். விளம்பரத்தில் இருந்ததோ 52 செ.மீ. திருப்பிப் போட்டாலும் அதே கதைதான்: 52 செ.மீ.யை 50ஆல் பெருக்கினால் 26 மீட்டர். 26 மீட்டர் கப்பலில் 104 பீரங்கியை எங்கே வைப்பது?

ஒரே வரியில் இருந்த இரண்டு எண்கள், ஒன்றையொன்று பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தன. எழுதியவரிடம் கிட் இல்லை, அல்லது கிட் என்றால் என்ன என்றே தெரியாது. வந்த அடிக்கட்டை 30 செ.மீ. 69 மீட்டர் உடலுக்கு அதை வைத்துப் பார்த்தால் ஸ்கேல் 1:230. 1:230இல் ஓர் ஆளின் உயரம் ஏழரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பீரங்கிக்கு நூல் கட்டுவதை அந்த அளவில் நினைத்துப் பாருங்கள்.

சரக்கு எடையும் இப்படித்தான் பேசும். உடல் மட்டும் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வரும் விக்டரி கிட் (1:72 என்றால் 96 செ.மீ.) சில கிலோ இருக்கும். அதைக் கடல் தாண்டி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கே 3,299 ரூபாய் போதாது. அனுப்பும் செலவு இலவசம் என்றால் பெட்டி இலேசு என்று அர்த்தம். அல்லது பெட்டியே கிடையாது. பீரங்கிக் கணக்கையும் பார்க்கலாம். 104 பித்தளைப் பீரங்கி, ஒன்றுக்கு 20 ரூபாய் என்று மிகவும் இறக்கிப் போட்டாலே 2,080. கயிறு கட்டும் கப்பிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். மரத்துக்கும் வெட்டுக்கூலிக்கும் அந்த விலையில் என்ன மிஞ்சும்?

படத்தையும் அன்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தோம். விளம்பரத்தின் நாலாவது படத்தில் கப்பலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி முதுகு தெரிகிறது. கப்பல் அந்த நாற்காலியைவிட இரண்டு மடங்கு நீளம். அப்படியானால் படத்தில் இருப்பது ஒரு மீட்டரைத் தாண்டிய மாதிரி. யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கட்டியது. அந்தப் படத்தை வைத்தே தேடினோம். அதே நாற்காலியோடு அதே கப்பல் ஆறு கடைகளில், ஆறு பெயரில், ஆறு விலையில் விற்பனைக்கு இருந்தது. ஒவ்வொரு கடையிலும் ஒரு தாத்தா பட்டறையை மூடிக்கொண்டிருந்தார். இணைய முகவரி எப்போது பதிவானது என்று பார்த்தால், மாமா வாங்கிய நாளுக்கு ஐந்து வாரம் முன்னால். பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. வெள்ளைக்காரன் கடையோ சீனாக்காரன் கடையோ, தாத்தா காலத்துப் பட்டறைக்கு ஐந்து வார முகவரி எப்படி இருக்கும்?

அந்த 0.6 மி.மீ.

லேசர் வெட்டும்போது கதிர் போன தடத்தில் மரம் கொஞ்சம் எரிந்து போகும். மெல்லிய பிளைவுட்டில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை. படம் வரைபவர் அந்த இழப்பைக் கணக்கில் சேர்த்துக் கோட்டை உள்ளே தள்ளி வரைவார். அப்படிச் செய்தால்தான் பள்ளத்தில் பலகை இறுக்கமாக உட்காரும். கட்டட வேலையில் பூச்சுக் கனத்தைக் கழித்துச் சுவர் போடுவது போல.

திருடுகிறவர்கள் இந்தப் படத்தை வாங்குவதில்லை. ஒரு நல்ல கிட்டை வாங்கி, அதில் வெட்டி வந்த பலகையையே ஸ்கேன் செய்கிறார்கள். ஏற்கெனவே எரிந்து அகன்ற விளிம்புதான் இப்போது கோடாகிறது. அதன் மேல் இன்னொரு முறை லேசர் ஓடினால் பள்ளம் இன்னும் அகலும். அந்த நகலை இன்னொருவர் நகல் எடுத்தால் மறுபடியும். கூடவே மலிவு பிளைவுட் வேறு கனத்தில். ஆக 1.8 பலகைக்கு 2.4 பள்ளம். நகலின் நகல் என்று நான் சொல்வது ஊகம்தான், ஆனால் அழிக்கப்பட்ட கட்டமும் தனியாக நிற்கும் மூன்றாம் படத்தாளும் அதோடு பொருந்துகின்றன.

இதை நான் சாதாரணமாகக் கடந்து போக விரும்பவில்லை. ஒரு பழைய கப்பலை மரத்தில் வரைபடமாக்க ஒருவர் ஆவணக் காப்பகங்களில் கிடந்து, மாதிரிகளைக் கட்டிப் பார்த்து, தப்பைத் திருத்தி வருஷங்கள் செலவழிக்கிறார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கும் நெட்டி வேலைக்கும் புவிசார் குறியீடு வாங்கிய மண் இது. வேறொருவர் கைத்திறனை அழித்துவிட்டு அச்செடுப்பது எவ்வளவு வலிக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று தெரிந்தே திருட்டு நகல் வாங்குகிறவர்களிடம் நான் இதை நேராகவே சொல்லியிருக்கிறேன். மாமாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார்.

ஏன் இப்போது அதிகம்

2020 நவம்பரில் மத்திய அரசு 43 செயலிகளைத் தடை செய்தபோது சீன இணையக் கடையான அலிஎக்ஸ்பிரஸும் அதில் போனது. பொழுதுபோக்குக் கிட் வாங்குகிறவர்கள் பலர் அதுவரை அங்கேதான் வாங்கினார்கள். அங்கேயும் நகல் இருந்தது. ஆனால் பொருள் சரியில்லை என்றால் முறையிட ஓர் இடம் இருந்தது, விற்றவரின் பழைய கணக்கைப் பார்க்க முடிந்தது. அது போன பிறகு, விளம்பரத்தில் வந்து விளம்பரத்தோடு மறையும் தனிக் கடைகளிடம் ஆட்கள் மாட்டுவது கூடியிருக்கிறது என்பது என் அனுபவம்.

சுங்கமும் ஒரு காரணம். அளவு மாதிரிகளும் பொம்மைகளும் சுங்க அட்டவணையில் ஒரே 9503 தலைப்பில் வருகின்றன. அதில் அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலைச் சில சமயம் வேறு தலைப்பில் போடுவார்கள், அதனால் எவ்வளவு வரும் என்று கூரியர் கம்பெனியிடம் முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. நேர்மையாக விலை போடுகிற கடை வரியைப் பற்றி ஒரு வரியாவது எழுதும். 'வரி, செலவு எதுவும் இல்லை' என்று சொல்கிறவர், சீட்டில் 6 டாலர் அன்பளிப்பு என்று பொய் எழுதப் போகிறவர். அன்பளிப்பு என்ற பெயரில் இப்படித் தபாலிலும் கூரியரிலும் பொருள் வரவழைப்பது 2019 டிசம்பரிலிருந்தே தடை. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும்தான் விலக்கு. பார்சல் பிடிபட்டால் மாட்டிக்கொள்வது பெயர் எழுதியிருக்கிற நாம்தான்.

பணம் திரும்பி வந்த வழி

அன்று சாயங்காலமே கடைக்கு மெயில் எழுதினோம். நான் வேண்டுமென்றே ஒரு கேள்வியையும் சேர்த்தேன்: "அடிக்கட்டைப் பலகை எத்தனை மில்லிமீட்டர்?" பெட்டியைக் கையில் வைத்திருப்பவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பதில் மறுநாள் வந்தது. அன்பான நண்பரே, எங்கள் தரம் மிகச் சிறந்தது, 15 சதவீதம் திருப்பித் தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தோம். 30 சதவீதம் என்றார்கள். மறுத்தோம். அப்படியானால் உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள், முகவரி மட்டும் கடைசி வரை வரவில்லை.

மாமா 30க்கே சரி சொல்லிவிடலாம் என்றார். "வந்த வரைக்கும் லாபம்னு விட்டுடலாமே மாப்ளே."

"வேண்டாம் மாமா. அதை வாங்கிட்டீங்கன்னா விவகாரம் தீர்ந்துச்சுன்னு எழுதி வச்சுக்குவான். அப்புறம் பேங்க்ல போய் நிக்க முடியாது" என்றேன்.

வங்கிக் கிளையில் முதலில், "நீங்களேதான் கார்டு போட்டிருக்கீங்க, நாங்க என்ன செய்ய முடியும்" என்றுதான் சொன்னார்கள். அங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. நமக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால் அது மோசடி. உடனே வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும் சொல்ல வேண்டும். நாமே கொடுத்த பணத்துக்குச் சொன்ன பொருள் வரவில்லை என்றால் அது கார்டு தகராறு. அதற்குத் தனிப் படிவம், கார்டு நிறுவனங்கள் பொதுவாக 120 நாள் அவகாசம் தருகின்றன. 48 நாள் கழித்துப் பெட்டி வருவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதென்றே நினைக்கிறேன். இழுத்தடித்தால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

நாங்கள் கொடுத்தது: விளம்பரத்தின் படம் (நல்ல வேளை, பேரன் வாங்கிய அன்றே படம் பிடித்து வைத்திருந்தான், பக்கம் அதற்குள் மறைந்துவிட்டது), அடிக்கட்டையோடு அளவுகோலை வைத்து எடுத்த போட்டோ, தராசில் 610 கிராம் தெரியும் போட்டோ, 32 பீரங்கியை வரிசையாக அடுக்கிய போட்டோ, மெயில்கள். கடிதத்தில் தரம் மோசம் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தரம் கருத்து, அதற்கு எதிர்க்கருத்து இருக்கும். 1:50 என்று சொல்லி 1:230 அனுப்பினார்கள், 104 என்று சொல்லி 32 அனுப்பினார்கள் என்று மட்டும் எழுதினோம்.

52 நாளில் 3,299 ரூபாய் கணக்கில் ஏறியது. அந்நியச் செலாவணிக் கட்டணம் 136 ரூபாய் போனது போனதுதான். கார்டை மாற்றி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிட்டோம். கடை பொருளைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

இரண்டாவது பெட்டி

இதோடு முடிந்திருந்தால் 'மலிவு என்றால் போலி' என்று மாமா முடிவு கட்டியிருப்பார். அது தப்பு. நியாயமாக விற்கும் சின்ன சீனக் கம்பெனிகள் இருக்கின்றன. சொந்தமாக வரைந்து, சின்னப் படகுகளாகச் செய்து, குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். அவர்களையும் திருடர்களோடு சேர்த்துத் தள்ளுவது அநியாயம்.

பணம் திரும்பி வருவதற்குள்ளேயே ஒரு கிட்டைப் பார்த்து வைத்தோம். டோரி. பெரிய பாய்மரக் கப்பலின் மேல்தளத்தில், உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோகும் தட்டை அடி மீன்பிடிப் படகு. "பேரே நம்ம தோணி மாதிரி இருக்கே" என்று மாமாவுக்கு உடனே பிடித்துவிட்டது. ஸ்கேல் 1:24, நீளம் 24 செ.மீ. பெருக்கினார். 5.76 மீட்டர். நிஜ டோரி பெரும்பாலும் நாலரையிலிருந்து ஆறரை மீட்டருக்குள் இருக்கும். கணக்கு உட்கார்ந்தது. இந்த முறை காகிதத்தை எடுத்துப் பெருக்கியது மாமா, நான் இல்லை.

கடையில் முடிந்த படகின் படத்தோடு, பாதி ஒட்டிய படகும், வெட்டிய பலகைத் தாள்களும் அளவுகோலோடு இருந்தன. செய்முறைப் புத்தகத்தை வாங்காமலே இறக்கிப் படிக்கலாம். முகவரி ஒன்பது வருஷப் பழசு. வாங்கியவர்கள் போட்ட படங்களில் மேஜையும் விளக்கும் வெளிச்சமும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. ஒருவர் தப்பாக ஒட்டியதையும் போட்டிருந்தார். பலகை எத்தனை மில்லிமீட்டர் என்ற அதே கேள்வியை மாமா கேட்டார். பக்கப் பலகை 1.0, அடிப்பலகை 1.5, வளைப்பதற்கு முன் பத்து நிமிஷம் வெந்நீர் போதும் என்று பதில் வந்தது.

விலை 2,650. போலி விக்டரியைவிடக் குறைவு. ஆனால் அனுப்பும் செலவு 1,100, வரியும் கூரியர் கட்டணமுமாக 1,480, மொத்தம் 5,230 ஆனது. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது.

பெட்டி வந்தது ஐப்பசி அடைமழையில். டெல்டாவில் இந்தக் கிட்டை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலர்ந்த கிடங்கிலிருந்து வரும் மெல்லிய மரம் நம் மழைக்காலக் காற்றில் ஈரம் குடித்து அகலும். பிரித்த அன்றே ஒட்டினால் தையில் காய்ந்து சுருங்கும்போது பலகைக்குப் பலகை இடைவெளி விடும். உறையைப் பிரித்து, தட்டையாக ஒரு பலகைக்கடியில் வைத்து, ஒரு வாரமாவது இருக்கவிட வேண்டும். மாமா பத்து நாள் விட்டார். அதுவரை பழைய பெட்டியின் சாயப் பலகைகளை வெந்நீரில் போட்டு வளைத்துப் பழகினார். அதற்கு அவை பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். டோரி கூடத்து மேஜையிலேயே இருந்தது. மூன்றாவது பலகை ஒட்டி, அத்தையின் துணிக் கிளிப்புகள் பதினாலு வரிசையாகக் கடித்துக்கொண்டிருந்தன. மழையில் பசை காய மறுநாள் ஆகும் என்று மாமா சொன்னார். கொடியில் துணி நழுவி விழுகிறது, ரெண்டு கிளிப்பாவது திருப்பிக் கொடுங்க என்று உள்ளேயிருந்து அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.